அந்த நூறு யாருக்குப் போகிறது?

"பில்டருக்கு எதுக்குங்க வரிச்சலுகை? நான் வீடு கட்டினப்போ எனக்கு யாராவது கொடுத்தாங்களா?"

கட்டுப்படியாகும் வாடகையில் வீடுகள் வர மாநகராட்சி ஊக்கச் சலுகை தர வேண்டும் என்று ஆதரவு கேட்டுக் கதவைத் தட்டுகிற யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. வீட்டு வாசலில் கேட்டிருக்கிறேன், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மைக்கில் கேட்டிருக்கிறேன், என் சொந்தக்காரர்கள் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். இதைக் கேட்பவர்கள் ஏழைகள் மேல் வெறுப்புள்ளவர்கள் கிடையாது. பலர் வருடக்கணக்கில் வாடகை வீட்டில் இருந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு வீட்டை எழுப்பியவர்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

சலுகைக்கு ஆதரவு திரட்டும் நம் ஆட்கள் பெரும்பாலும் அதற்குப் பதில் சொல்வதில்லை. நகரத்தில் எவ்வளவு வீட்டுப் பற்றாக்குறை, வாடகை எப்படி ஏறிவிட்டது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதெல்லாம் கேட்டவருக்கே தெரியும். அவருடைய மகனும் வாடகை வீடு தேடித்தான் அலைகிறான். அவர் கேட்டது வேறு. என் வரிப்பணத்தைக் கொடுத்து அந்த ஆளுடைய லாபத்தை ஏன் கூட்ட வேண்டும்? இதற்குப் பதில் ஒரு கணக்கு. கணக்கைத் திறந்து காட்டாத இயக்கத்துக்குக் கிடைக்கிற ஆதரவு ஒரு தேர்தல்கூடத் தாங்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம்.

100 வாடகை வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு ஒன்றுக்கு மாதம் 100 வந்தால்தான் கட்டுப்படியாகும் என்று வைத்துக்கொள்வோம். நிலத்துக்கு 20. கட்டுமானக் கடன், பராமரிப்பு, முதல் போட்டவர் எதிர்பார்க்கும் வழக்கமான லாபம் எல்லாம் சேர்த்து 70. சொத்து வரி 10. ஆக, மொத்தக் கட்டடத்துக்கும் மாதம் 10,000 தேவை. அந்தப் பகுதியில் சந்தை வாடகை 105. அத்தனை வீட்டையும் சந்தை வாடகைக்கு விட்டால் 10,500 வரும். பில்டர் யாரிடமும் எதுவும் கேட்காமல் கட்டிவிடுவார்.

இப்போது மாநகராட்சி, 20 வீடுகளை 60-க்கு விட வேண்டும் என்கிறது. 80 வீடுகளிலிருந்து 8,400, மீதி 20 வீடுகளிலிருந்து 1,200. கூட்டினால் 9,600. மாதம் 400 துண்டு விழுகிறது. இந்தக் கணக்கைப் பார்த்து எந்த வங்கியும் கடன் தராது. அந்த 20 வீடும் வராது, கூடவே மற்ற 80 வீடும் வராது.

இந்த 400-ஐ நிரப்பத்தான் ஊக்கச் சலுகை. சொத்து வரியில் பாதியைத் தள்ளுபடி செய்தால் மாதம் 500 மிச்சமாகும். அல்லது எஃப்.எஸ்.ஐ.யை, அதாவது ஒரு மனையில் மொத்தம் எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்ற வரம்பை, கூட்டிக் கொடுத்து, மேலே இன்னும் 25 வீடுகள் கட்டிக்கொள்ளச் சொல்லலாம். அந்த 25 வீடுகளுக்குப் புதிதாக நிலம் வாங்க வேண்டாம் என்பதால் செலவு 80, வாடகை 105; மாதம் 625 கூடுதலாக வரும், மாநகராட்சி கஜானாவிலிருந்து ரொக்கமாக எதுவும் போகாது. (தண்ணீர், கழிவுநீர்க் குழாய்கள் அந்தச் சுமையைத் தாங்குமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.) அடித்தளத்தில் பார்க்கிங் தோண்டியே ஆக வேண்டும் என்ற விதியைத் தளர்த்தினால் கடனே குறையும். கட்டட அனுமதியைச் சீக்கிரம் கொடுத்தால், மண் தோண்டுவதற்கு முன்பே ஓடத் தொடங்கும் வட்டி குறையும்.

வரித் தள்ளுபடியையே எடுத்துக்கொண்டு குடிமகன் பக்கத்திலிருந்து பார்ப்போம். நகரம் மாதம் 500-ஐ விட்டுக்கொடுக்கிறது. 20 குடும்பங்கள் ஆளுக்கு 45 குறைவாகக் கட்டுகின்றன, மொத்தம் 900. 500 கொடுத்து 900 மதிப்புள்ளதை வாங்குகிறோம். நல்ல பேரம். வாசலில் நிற்கும் அந்த மனிதரிடம் இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் அவர் நின்று கேட்பார்.

ஆனால் துண்டு விழுந்தது 400. கொடுத்தது 500. மீதி 100 யாருக்குப் போகிறது?

ஊக்கச் சலுகை மேல் மக்களுக்கு இருக்கும் சந்தேகம் முழுவதும் இந்த 100-க்குள் இருக்கிறது. அதை எதிர்ப்பாளர்கள் கண்டுபிடித்துக் கூட்டத்தில் எழுந்து கேட்பதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டும். வரியில் பாதி எதற்கு, 40 சதவீதம் தள்ளுபடியே போதுமே என்று நாம் சொல்ல வேண்டும். கூடுதல் தளங்கள் கொடுத்த கணக்கில் மிச்சம் 225. ஒரு வீட்டை 105-லிருந்து 60-க்கு இறக்க 45 ஆகிறது. 225-ஐ 45-ஆல் வகுத்தால் 5. அதாவது, அந்தச் சலுகைக்கு இன்னும் ஐந்து குடும்பங்களுக்கு வீடு கேட்டு வாங்கியிருக்கலாம். மலிவு வீட்டுக்காகப் போராடுகிறவர்கள் பில்டரிடம் இந்த ஐந்து வீட்டைக் கேட்காமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வருகிற திட்டமும் கெட்டுப்போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரியது.

எவ்வளவு பெரியது என்பதற்கு நியூயார்க் சாட்சி. மக்கள் நகரத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த 1971-ல், யாராவது வீடு கட்டினால் போதும் என்ற நிலையில், 421-ஏ என்ற சொத்து வரிச் சலுகையைக் கொண்டுவந்தார்கள். அப்போது அதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. பின்னாளில் நகரம் செழித்து, நிலத்தின் விலை வானத்தைத் தொட்ட பிறகும் சலுகை தொடர்ந்தது. மன்ஹாட்டனில் ஒன்57 என்ற வானளாவிய கட்டடத்துக்கும் அது கிடைத்தது. அதில் ஒரு வீடு மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் விலை போனது. அந்தக் கட்டடத்துக்குத் தரப்பட்ட வரிச்சலுகையின் மதிப்பு 6.56 கோடி டாலர் என்று நகரத்தின் சுயேச்சையான பட்ஜெட் அலுவலகம் 2015-ல் கணக்கிட்டது. அதற்கு ஈடாக பிராங்க்ஸ் பகுதியில் கிடைத்தவை 66 மலிவு வீடுகள். அதே பணத்தை நேரடியாக மலிவு வீடுகளுக்குக் கொடுத்திருந்தால் சுமார் 370 வீடுகள் வந்திருக்கும் என்றது அந்த அறிக்கை. 66 எங்கே, 370 எங்கே! 421-ஏ 2022-ல் காலாவதியானபோது அதற்காகப் பரிந்து பேச ஆள் குறைவாக இருந்ததில் ஆச்சரியமில்லை. 2024-ல் புதுச் சட்டம் வரும்வரை, உண்மையிலேயே தேவைப்பட்ட கட்டடங்களுக்கும் சேர்த்து வழி அடைபட்டது.

கணக்கைக் கேட்டால், "அது வணிக ரகசியம்" என்று பில்டர்கள் சொல்வார்கள். லண்டனில் பல காலம் அப்படித்தான் இருந்தது. இத்தனை மலிவு வீடு கட்டினால் எனக்குக் கட்டுப்படியாகாது என்று காட்டும் அறிக்கையை உள்ளூராட்சியிடம் கொடுப்பார்கள். பொதுமக்கள் கண்ணில் அது படாது. மலிவு வீடுகளின் எண்ணிக்கை மட்டும் இறங்கிக்கொண்டே போகும். குடியிருப்போர் சங்கங்கள் விடாமல் போராடியதில் சில உள்ளூராட்சிகள் அறிக்கைகளை வெளியிட வைத்தன. 2017-ல் மேயர் சாதிக் கான் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வழி சொன்னார். 35 சதவீதம் மலிவு வீடு தருகிறீர்களா, அந்த அறிக்கையே வேண்டாம், அனுமதி வேகமாகக் கிடைக்கும். தர முடியாதா, கணக்கைக் கொடுங்கள், அது பொதுவில் வைக்கப்படும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. காலத்தையே ஊக்கச் சலுகையாக மாற்றியது ஒரு பக்கம். ரகசியம் என்ற சாக்கை எடுத்துவிட்டது இன்னொரு பக்கம்.

அப்புறம், எத்தனை வருஷத்துக்கு என்ற கேள்வி. இதை யாரும் கேட்பதே இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள மாண்ட்கோமரி கவுண்டி 1974-லேயே, பெரிய குடியிருப்பு கட்டுபவர்கள் ஒரு பங்கை மலிவு வீடாகத் தர வேண்டும், ஈடாகக் கூடுதல் வீடுகள் கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டது. உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் சட்டம். பல பத்தாண்டுகளில் 10,000-க்கும் மேற்பட்ட வீடுகளைத் தந்தது. ஆனால் ஆரம்பத்தில் விலைக் கட்டுப்பாடு வெறும் 5 ஆண்டு. அது முடிந்ததும் வீடு சந்தைக்குப் போய்விடும். பின்னர் 10 ஆண்டாக்கினார்கள். 2005-ல்தான் விற்கும் வீடுகளுக்கு 30 ஆண்டு, வாடகை வீடுகளுக்கு 99 ஆண்டு என்று மாற்றினார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கான வீடுகள் கைநழுவிப் போயிருந்தன. வரிச்சலுகை 25 ஆண்டு, வாடகைக் கட்டுப்பாடு 15 ஆண்டு என்று ஒரு வரைவில் பார்த்தால் அங்கேயே கையை உயர்த்துங்கள். கொடுப்பது எத்தனை ஆண்டோ, வாங்குவது அதற்குக் குறையக் கூடாது.

இவ்வளவு சொன்னாலும், கணக்கு மட்டும் சட்டமாகாது. கூட்டத்தில் ஆள் வேண்டும்.

ஒரு திட்டத்துக்கான அறிவிப்பு எப்படி வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மனையின் முன்னால் ஒரு பலகை, அதில் பொடி எழுத்தில் சர்வே எண், பரப்பளவு, தளங்களின் எண்ணிக்கை, கருத்துக்கேட்புக் கூட்டத்தின் தேதி, நேரம். பல ஊர்களில் இத்தனை மீட்டருக்குள் இருக்கும் சொத்து உரிமையாளர்களுக்குத் தபாலும் போகும். உரிமையாளருக்குத்தான் போகும். அந்தச் சொத்தில் வாடகைக்கு இருப்பவருக்குப் போகாது. அந்தக் கட்டடம் வந்தால் அதில் குடியேறப் போகிறவர் அன்றைக்கு நகரத்தின் மறுகோடியில் இருப்பார். எந்தத் தபாலும் அவரைத் தேடி வராது. கூட்டமோ வேலை நாளில், வேலை நேரத்தில். ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் உதவியாளரும், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரும், ஒரு நாள் லீவு போட்டால் அந்த நாள் கூலி போய்விடும் என்கிற சமையல்காரரும் அங்கே வர முடியாது. வர முடிந்தவர்கள் பேசுகிறார்கள். பேசியது பதிவாகிறது. "பொதுமக்கள் எதிர்ப்பு" என்று குறிப்பெழுதப்படுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 97 நகரங்கள், ஊர்களின் கூட்டக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார்கள். புதிய வீடுகளுக்கு ஆதரவாகப் பேசியவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம்தான். பேச வந்தவர்களில் வீட்டு உரிமையாளர்களும் வயதானவர்களும் ஆண்களும் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகம். இதே மாநிலத்தில் 2010-ல் மலிவு வீட்டுச் சட்டத்தை ரத்து செய்யலாமா என்று வாக்கெடுப்பு வந்தது. 58 சதவீதம் பேர் சட்டம் இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். வாக்குச்சாவடியில் 58, கூட்ட அரங்கில் 15. இந்த இரண்டு எண்களையும் எங்கள் தொண்டர்கள் கூட்டத்தில் எழுதிப் போட்டு வைத்திருக்கிறேன். ஆதரவு இல்லை என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். ஆதரவு இருக்கிறது, அது வேலைக்குப் போயிருக்கிறது.

அதே மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் அதைத் திரட்டிக் காட்டினார்கள். முழுக்க மலிவு வீடுகளாகவே கட்டினால் வழக்கத்தைவிட உயரமாக, தனி அனுமதிக்கு அலையாமல் கட்டலாம் என்பது திட்டம். நகரமன்றத்தில் ஒன்பது பேர். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஆறு வாக்கு தேவை. 2019-ல் ஆறு கிடைக்கவில்லை, தள்ளி வைத்தார்கள். ஆதரவாளர்கள் அந்த ஆண்டு நவம்பரில் வந்த நகரமன்றத் தேர்தலையே களமாக எடுத்துக்கொண்டார்கள். 2020 அக்டோபரில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிறைவேறியது. டெக்சாஸின் ஆஸ்டினிலும் இப்படித்தான். 2012-ல் மலிவு வீட்டுக்கென நகரம் 7.83 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட மக்களிடம் வாக்குக் கேட்டுத் தோற்றார்கள். அடுத்த ஆண்டே 6.5 கோடிக்குக் கேட்டு வென்றார்கள். 2018-ல் 25 கோடி, 2022-ல் 35 கோடி. 2019-ல், பாதி வீடுகளை மலிவாகக் கொடுத்தால் உயரக் கட்டுப்பாட்டையும் பார்க்கிங் கட்டாயத்தையும் தளர்த்தும் சட்டமும் வந்தது. தோற்ற அன்றோடு வீட்டுக்குப் போயிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

ஆதரவு கேட்கும்போது ஆளைச் சொல்லுங்கள். "பகுதியின் இடைநிலை வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழ்" என்று அரசாணை மொழியில் சொன்னால் கேட்பவர் மனதில் ஒரு முகமும் வராது. உங்கள் பேத்தியின் அங்கன்வாடி ஆசிரியை, நீங்கள் ஏறும் முதல் பஸ்ஸின் டிரைவர், நீங்கள் மாதாமாதம் ரத்தம் எடுக்கப் போகும் லேபில் இருக்கும் பெண் என்று சொல்லிப் பாருங்கள். அவர்களின் சம்பளத்துக்கு இந்த வாடகை பொருந்தும் என்பதை அட்டவணையாகக் கொடுங்கள். கூட்டத்துக்கு அவர்களில் இரண்டு பேரை அழைத்து வாருங்கள். அந்த நாள் கூலி போகாமல் பார்த்துக்கொள்வதும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை உட்கார வைப்பதும் நம் வேலை. ஒரு முறை, வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்யும் ஒரு அம்மா மைக்கில் நின்று, தான் வேலைக்குப் போய் வரவே தினமும் நாலு மணி நேரம் ஆகிறது என்றும், தான் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இதே தெருவில்தான் இருக்கிறார் என்றும் சொன்னார். அந்தத் தெருக்காரர்கள் பலர் அரங்கில் இருந்தார்கள். அதற்குப் பிறகு பேசியவர்கள் எதிர்த்துத்தான் பேசினார்கள், ஆனால் எத்தனை மாடி, எந்தப் பக்கம் வாசல் என்று பேசினார்கள். எனக்கு அது போதும்.

அக்கம்பக்கத்தாரின் பயத்தைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. வீட்டு மதிப்பு இறங்கும் என்பதுதான் பெரிய பயம். நியூ ஜெர்சியின் மவுண்ட் லாரலில் எதெல் லாரன்ஸ் என்ற பெண்மணி 1970 வாக்கில் வெறும் 36 மலிவு வீடுகளுக்காகப் போராடத் தொடங்கினார். ஊர் மறுத்தது. மாநில உச்ச நீதிமன்றம் 1975-லும் 1983-லும் அவர் பக்கம் நின்றும், கட்டடம் எழ 2000 ஆகிவிட்டது. அவர் 1994-லேயே காலமாகிவிட்டார். கடைசியில் அவர் பெயரில் எழுந்த 140 வீடுகளைப் பிறகு பிரின்ஸ்டன் பல்கலைக்கழக சமூகவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வீட்டு மதிப்பு, குற்றம், வரி என எதிலும் பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டால் பாதிப்பு எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் குடியிருப்போரில் கணிசமானோருக்கு அப்படி ஒரு குடியிருப்பு அங்கே இருப்பதே தெரியவில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் ஒரே முடிவு என்று சொன்னால் அது பொய். ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று, ஏழ்மையான பகுதிகளில் மலிவு வீடுகள் வந்தால் மிக அருகிலுள்ள வீடுகளின் மதிப்பு சுமார் 6.5 சதவீதம் ஏறுகிறது என்றும், வசதியான பகுதிகளில் சுமார் 2.5 சதவீதம் இறங்குகிறது என்றும் கண்டது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். வசதியான தெருவில் அந்த இரண்டரை சதவீதத்தை மறைத்துவிட்டு ஆதரவு கேட்க எனக்கு மனம் வராது. நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை வளர, அந்த அளவு விட்டுக்கொடுக்கக் கூடியதுதான் என்று நேராகக் கேட்பேன். சிலர் சரி என்பார்கள்.

ஊக்கச் சலுகையால் எட்ட முடியாதவர்களும் இருக்கிறார்கள். வேலையே இல்லாதவர், ஓய்வூதியம் மட்டுமே உள்ள மூதாட்டி ஆகியோர் தரக்கூடிய வாடகை கட்டடப் பராமரிப்புக்கே காணாது. அவர்களுக்கு நேரடிப் பொதுப்பணம் வேண்டும். வியன்னா 1923-ல் வீட்டு வசதி வரி ஒன்றைப் போட்டது. மாளிகைக்காரர் அதிகம் கட்டினார், தொழிலாளி சொற்பம் கட்டினார். 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அந்தக் கட்டடங்கள் பலவற்றின் முகப்பில் பெரிய சிவப்பு எழுத்துகளில், இது வீட்டு வசதி வரிப் பணத்தில் வியன்னா நகராட்சி கட்டியது என்று ஆண்டோடு பொறித்து வைத்தார்கள். தெருவில் போகிற எவரும் தன் வரி எங்கே போனது என்று தலையை நிமிர்த்திப் பார்த்தால் தெரியும். இன்றும் இருக்கிறது.

சியாட்டிலில் இதே காரியத்தை வேறு விதமாகச் செய்கிறார்கள். மலிவு வீட்டுக்கான சொத்து வரிக் கூடுதலுக்கு ஒரு கால வரம்பு உண்டு. வாக்காளர்கள் 2016-ல் 29 கோடி டாலருக்குச் சம்மதித்தார்கள். அதில் என்ன கட்டினார்கள் என்று ஆண்டுதோறும் அறிக்கை வந்தது. 2023-ல் 97 கோடி கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்கு விழுந்தது. அதுவும் 2030 வரைதான். தொடர வேண்டுமென்றால் எத்தனை வீடு, யாருக்கு, என்ன வாடகை என்று காட்டிவிட்டு மறுபடி வந்து கேட்டாக வேண்டும். பில்டர்களுக்கான வரித் தள்ளுபடி வரைவிலும் இப்படி ஒரு முடிவுத் தேதியும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் கொடுத்தது இவ்வளவு, வாங்கியது இவ்வளவு என்ற பக்கமும் சேர்க்கச் சொல்லித்தான் இப்போது கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களிடம் முதலில் போகிறேன்.